வானம் மாறும் வியாழக்கிழமை

மைக்ரோசாஃப்ட் 2006 அக்டோபரில் வெளியிட்ட ‘ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்’ இன்றும் பலரது வீட்டுக் கணினியில் ஓடுகிறது. நிறுவியது நிறுவியபடி வைத்திருப்பவர் அதில் சென்னையிலிருந்து பெங்களூருக்குப் பறந்தால் ஊருக்குள் இருக்கும் ஹெச்ஏஎல் விமான நிலையத்தில்தான் போய் இறங்குவார். தேவனஹள்ளிக்கு மேலே வட்டமடித்துப் பார்த்தால் வெறும் பொட்டல். ஹைதராபாத் என்றால் பேகம்பேட் மட்டுமே. ஷம்ஷாபாத்தில் ஓடுபாதை என்று ஒன்றும் கிடையாது. நிஜ உலகில் ஷம்ஷாபாத் 2008 மார்ச் 23 அன்றும் தேவனஹள்ளி அதே ஆண்டு மே 24 அன்றும் திறந்தாகிவிட்டது. வட்டில் அடைத்த உலகத்துக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

சிமுலேட்டருக்குள் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. ஒன்று இயற்பியல். இறக்கையைத் தாண்டி ஓடும் காற்று எவ்வளவு தூக்கும், வேகம் குறைந்தால் எப்போது தூக்காமல் கைவிடும், உயரம் போகப் போக இன்ஜின் எப்படித் திணறும் என்கிற கணக்குகள் அதில் அடக்கம். அன்றைக்குச் சரியாக எழுதிய சமன்பாடு என்றைக்கும் சரி. இன்னொன்று தகவல். எந்த ஊரில் எந்த ரேடியோ நிலையம், அதன் அதிர்வெண் என்ன, ஓடுபாதையின் முனை எந்த அட்சத்தில் எந்தத் தீர்க்கத்தில் தொடங்குகிறது, இறங்க வரும் விமானம் எந்தப் புள்ளியில் எத்தனை அடி உயரத்தில் இருக்க வேண்டும். விமானிகள் இதை நேவ் டேட்டா என்கிறார்கள். கெட்டுப்போகும் சரக்கு இதுதான். எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதற்கு ஒரு துல்லியமான பதில் உண்டு: 28 நாள்.

அந்த எண்ணின் கதை ஒரு குறிப்பேட்டிலிருந்து தொடங்குகிறது. எல்ரே ஜெப்பசன் 1930களில் அமெரிக்காவின் மேற்கு மலைத்தொடர்களுக்கு மேலே தபால் விமானம் ஓட்டிய விமானி. அப்போது வானத்துக்கென்று போதுமான வரைபடம் கிடையாது. விமானிகள் சாலை வரைபடத்தையும் ரயில் தண்டவாளத்தையும் பார்த்துப் பறந்தார்கள்; மேகம் மூடினால் மலையில் மோதிச் செத்தார்கள். ஜெப்பசன் 10 சென்ட்டுக்கு ஒரு குறிப்பேடு வாங்கி, இறங்கிய ஒவ்வொரு இடத்திலும் ஓடுபாதையின் நீளம், சரிவு, பக்கத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் உயரம், வானிலை சொல்லக்கூடிய விவசாயியின் தொலைபேசி எண் என்று எழுதிவைத்தார். சக விமானிகள் பிரதி கேட்டார்கள். 1934இல் அதையே தொழிலாக்கி, பிரதி 10 டாலருக்கு விற்றார். அவர் செய்த கெட்டிக்காரத்தனம், புத்தகமாகத் தைக்காமல் உதிரித் தாள்களாகக் கோப்பில் போட்டதுதான். ஒரு விமான நிலையம் மாறினால் அந்தத் தாளை மட்டும் உருவிவிட்டுப் புதிதைச் செருகலாம். வானத்தைப் பற்றிய தகவல் மாறிக்கொண்டே இருக்கும் என்பதை அவர் காகிதத்தின் வடிவத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஆனால் உதிரித் தாளில் ஒரு சிக்கல். புதுத் தாள் எனக்கு இன்று வருகிறது, உங்களுக்கு அடுத்த வாரம் வருகிறது என்றால், இடைப்பட்ட நாள்களில் நாம் இருவரும் வெவ்வேறு வானத்தில் பறக்கிறோம். தரையில் இருக்கும் கட்டுப்பாட்டு அதிகாரி மூன்றாவது வானத்தில் இருப்பார். ஒவ்வொரு நாடும் தனக்குத் தோன்றிய நாளில் தகவலை மாற்றினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். இதற்காகத்தான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1964இல் ஒரு ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. அதை ஏராக் என்பார்கள். முக்கியமான மாற்றம் எதுவானாலும் 28 நாளுக்கு ஒருமுறை, உலகம் முழுக்க ஒரே தேதியில், ஒரு வியாழக்கிழமையன்று நடப்புக்கு வரும். அந்தத் தேதிக்கு 28 நாள் முன்னதாகவே தகவல் எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதற்கு ஏற்றபடி 42 நாள் முன்பே அனுப்பிவிட வேண்டும். தபால் போகும் காலத்தை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. மின்னஞ்சல் வந்த பிறகும் இதைக் குறைக்கவில்லை, ஏனென்றால் சரிபார்க்க மனிதர்களுக்கு இன்னும் அதே நேரம்தான் ஆகிறது.

28ஐ 13ஆல் பெருக்கினால் 364. ஆண்டுக்கு 13 சுற்று. மிஞ்சும் ஒரு நாளும் லீப் ஆண்டின் கூடுதல் நாளும் சேர்ந்து சேர்ந்து, எப்போதாவது ஓர் ஆண்டில் 14 சுற்று வரும். 2020இல் அப்படி வந்தது. முதல் சுற்று ஜனவரி 2, கடைசிச் சுற்று டிசம்பர் 31. அடுத்து 2043இல் வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு இலக்கப் பெயர் உண்டு: முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வரிசை எண். 2501 என்றால் 2025ஆம் ஆண்டின் முதல் சுற்று. நடப்புக்கு வந்த நாள் ஜனவரி 23. இதெல்லாம் வெறும் கூட்டல் கணக்கு என்பதால் எந்தப் பழைய தேதிக்கும் எந்தச் சுற்று நடப்பில் இருந்தது என்று தாளில் போட்டே சொல்லிவிடலாம். இந்த வசதி பின்னால் நமக்குத் தேவைப்படும்.

ஏராக் ஏற்பாட்டின் குறி ‘எல்லாத் தகவலும் சரியாக இருக்கட்டும்’ என்பதோடு நிற்பதில்லை. எல்லோரிடமும் ஒரே நாளில் ஒரே தகவல் இருக்கட்டும் என்பதுதான் அதில் கூடுதலாக வலியுறுத்தப்படுகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை வீட்டு சிமுலேட்டர்காரர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. போன வருடப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு நாள் பார்க்கிறோமே என்ற பதைப்பில், கிடைத்த புதுத் தகவலை எல்லாம் கிடைத்த மூலையில் ஏற்றுகிறார்கள். அதன் பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பிக்கிறது.

தொல்லை எப்படி வருகிறது என்று பார்க்க, ஒரு சிமுலேட்டருக்குள் எத்தனை ஞாபகங்கள் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். தரையின் ஞாபகம் ஒன்று: ஓடுபாதை எங்கே, அதில் என்ன எண் எழுதியிருக்கிறது. ரேடியோவின் ஞாபகம் இன்னொன்று: திசை காட்டும் விஓஆர், இறங்க வழிகாட்டும் ஐஎல்எஸ் நிலையங்களின் இடமும் அதிர்வெண்ணும். காந்தத்தின் ஞாபகம் தனி: உலகின் எந்த இடத்தில் திசைகாட்டி உண்மையான வடக்கிலிருந்து எத்தனை பாகை விலகும் என்ற அட்டவணை. தனியாக விலை கொடுத்து வாங்கிய விமானமென்றால், அதன் எஃப்எம்சி எனப்படும் பறப்பு மேலாண்மைக் கணினிக்கு சொந்தமாக ஒரு தகவல் தளம் இருக்கும். அது சிமுலேட்டரைக் கேட்காமல் தன் கோப்பையே படிக்கும். பயணத் திட்டம் போடும் மென்பொருளுக்கு மற்றொன்று. கையில் வைத்திருக்கும் வரைபடம் இன்னொன்று. நிறுவிய அன்று இவை ஏறத்தாழ ஒத்துப்போயிருக்கும். பிறகு ஒன்றை மட்டும் புதுப்பிக்கிறோம்.

சந்தா கட்டினால் ஜெப்பசன் தகவலையே வீட்டு சிமுலேட்டருக்கு ஏற்ற வடிவத்தில் தரும் நேவிகிராஃப் போன்ற சேவைகள் உண்டு. எஃப்எம்சி கோப்பை மாற்றுவது சில நிமிட வேலை. இப்போது அந்தக் கணினிக்கு தேவனஹள்ளி தெரியும். 2019 டிசம்பரில் திறந்த இரண்டாவது ஓடுபாதைகூடத் தெரியும். நாம் கேட்டால் அழகாக வழி போட்டு, சரியான உயரத்தில், சரியான வேகத்தில், ஒன்றுமே இல்லாத பொட்டலில் கொண்டுபோய் இறக்கும். காரணம், செயற்கைக்கோளை நம்பிப் பறக்கும் பகுதி எஃப்எம்சியின் கோப்பிலிருந்து வருகிறது. ஐஎல்எஸ் அலை வருவது சிமுலேட்டரின் கோப்பிலிருந்து. முதலாவது ‘இதோ ஓடுபாதை’ என்கிறது. இரண்டாவது மௌனமாக இருக்கிறது. ஐஎல்எஸ் ஊசி அசையவில்லையே என்று விமானத்தை விற்றவர்மீது கோபப்படுபவர்கள் உண்டு. விமானத்தின் மேல் தப்பில்லை.

ஹாங்காங் இன்னும் விசித்திரம். நகரத்துக்கு நடுவிலிருந்த காய் டாக் விமான நிலையம் 1998 ஜூலை 6 அன்று மூடப்பட்டு, எல்லாம் செக் லாப் காக் தீவுக்குப் போனது. விஹெச்ஹெச்ஹெச் என்ற நான்கெழுத்துக் குறியும் கூடவே போய்விட்டது. எனவே பழைய காட்சிக் கோப்பில் அந்தக் குறி காய் டாக்கைக் காட்டும். புது எஃப்எம்சியில் அதே குறி அங்கிருந்து மேற்கே சுமார் 30 கி.மீ. தள்ளியுள்ள தீவைக் காட்டும். இரண்டுமே தத்தம் காலத்தில் சரி. சேர்த்து வைத்தால்தான் கோளாறு.

வீட்டில் இது சிரித்துவிட்டுப் போகும் விஷயம். நிஜத்தில் அப்படியல்ல. 1979 நவம்பர் 28 அன்று ஏர் நியூசிலாந்தின் 901ஆம் பயணம் ஆக்லாந்திலிருந்து அண்டார்க்டிகாவைச் சுற்றிப்பார்க்கக் கிளம்பியது. அந்தப் பாதையின் கடைசிப் புள்ளியைக் கணினியில் ஏற்றியபோது, ஓராண்டுக்கு முன்பே ஒரு பிழை நேர்ந்திருந்தது: 166 பாகை 48 கலை கிழக்கு என்பதற்குப் பதிலாக 164 பாகை 48 கலை என்று பதிவாகியிருந்தது. ஒரே ஓர் இலக்கம். அந்தப் பிழையின் புண்ணியத்தில் பாதை எரபஸ் எரிமலைக்கு மேலே போகாமல், பக்கத்தில் தட்டையான மக்மர்டோ நீரிணையின் மேலே போயிற்று. விமானிகளுக்குக் காட்டி விளக்கியதும் அந்தப் பாதையைத்தான். புறப்படுவதற்கு முந்தைய இரவு யாரோ எண்ணைத் திருத்தினார்கள். சின்னத் திருத்தம் என்று நினைத்தே செய்தார்கள். பாதை 40 கி.மீ.க்கு மேல் கிழக்கே நகர்ந்து மலையை நோக்கித் திரும்பியது. விமானிகளிடம் யாரும் சொல்லவில்லை. 257 பேரும் இறந்தார்கள். முதலில் வந்த அறிக்கை விமானிகளைக் குறை சொன்னது. நீதிபதி பீட்டர் மஹன் தலைமையிலான விசாரணை ஆணையம், சொல்லாமல் மாற்றியதே விபத்தின் முதன்மைக் காரணம் என்றது. கணினியில் இருந்த எண் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சரியாக இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவில் நடந்தது வேறு வகை. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 965ஆம் பயணம், ஒரு போயிங் 757, காலி என்ற நகரத்தில் இறங்க வந்தது. வரைபடத்தில் ரோசோ என்ற ரேடியோ நிலையத்துக்கு ‘ஆர்’ என்ற ஒற்றை எழுத்துக் குறி. விமானி எஃப்எம்சியில் ‘ஆர்’ என்று தட்டினார். ஆனால் அதே நாட்டில் பொகோட்டாவுக்கு அருகே ரோமியோ என்ற இன்னொரு நிலையத்துக்கும் ‘ஆர்’தான் குறி. ஒரே நாட்டில் ஒரே குறியோடு இரண்டு வந்தால் கணினியில் ஒன்றைத்தான் அந்த எழுத்தின்கீழ் வைக்கலாம் என்பதால் ரோமியோவை வைத்திருந்தார்கள். ரோசோ வேண்டுமென்றால் முழுப் பெயரைத் தட்ட வேண்டும். விமானம் பொகோட்டாவை நோக்கித் திரும்பியது, மலையில் மோதியது. 163 பேரில் 159 பேர் இறந்தார்கள். காகிதத்துக்கும் கணினிக்கும் தேதி ஒன்றே. எழுதிவைத்த முறைதான் வேறு.

எழுதிவைக்கும் அந்த முறைக்கும் ஒரு தரநிலை உண்டு. அரிங்க் 424 என்று பெயர், 1975இல் முதலில் வெளியானது. உலகத்து வானம் முழுவதும் அதில் 132 எழுத்து நீளமுள்ள வரிகளாகக் கிடக்கிறது. அன்றைய லைன் பிரிண்டர்கள் ஒரு வரியில் அடித்த எழுத்துகளும் அத்தனையே. ஒரு விஓஆருக்கு ஒரு வரி, ஃபிக்ஸ் எனப்படும் பெயரிட்ட வான்புள்ளிக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியின் கடைசி நான்கு இடத்திலும், அந்த வரி எந்த ஏராக் சுற்றில் கடைசியாக மாறியது என்று எழுதியிருக்கும். அமெரிக்க அரசின் விமானத் துறை தன் நாட்டு நடைமுறைகளை இதே வடிவத்தில் 28 நாளுக்கு ஒருமுறை இலவசமாகவே வெளியிடுகிறது. ஆர்வமுள்ளவர்கள் ஒருமுறை இறக்கி, சாதாரண நோட்பேடில் திறந்து பார்க்கலாம். படிக்க ரம்மியமாக இருக்காது. ஆனால் ஒவ்வொரு வரியும் தன் வயதைத் தானே சொல்வது தகவல் உலகில் அபூர்வம்.

இனி, முன்பு எண்ணிய ஞாபகங்களில் மூன்றாவதான காந்தம். பழைய சிமுலேட்டரைப் பழுதுபார்ப்பதில் மனிதர் யாரையும் குறை சொல்ல முடியாத பகுதி இது ஒன்றுதான்.

ஓடுபாதையின் முனையில் எழுதியிருக்கும் எண், அது காட்டும் காந்தத் திசையைப் பத்தால் வகுத்துக் கிடைப்பது. சென்னையின் பெரிய ஓடுபாதையில் 07 என்றால் திசைகாட்டியில் 70 பாகைக்கு அருகில். தார்ப்பாதை நகராது, காந்த வடக்கு நகரும். பூமிக்குள் 2,900 கி.மீ. ஆழத்துக்குக் கீழே உருகிய இரும்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டம்தான் பூமியின் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது, அதுவே அதை அலையவும் விடுகிறது. ஜேம்ஸ் கிளார்க் ராஸ் 1831இல் கனடாவின் வடகோடியில் காந்த வடதுருவத்தைக் கண்டுபிடித்தார். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அது ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து கி.மீ. என்று மெல்ல நகர்ந்தது. 1990களுக்குப் பிறகு ஓட்டம் பிடித்து, ஆண்டுக்கு 50 கி.மீ.க்கு மேல் சைபீரியாவை நோக்கிப் போனது. அண்மையில் கொஞ்சம் நிதானித்திருக்கிறது. கனடாவுக்கு அடியிலும் சைபீரியாவுக்கு அடியிலும் காந்தப்புலம் வலுத்த இரண்டு திட்டுகள் உண்டென்றும், கனடாத் திட்டு வலுவிழந்ததால் துருவம் மற்றதன் பக்கம் இழுபட்டதென்றும் 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு விளக்கியது.

இந்த அலைச்சலைக் கணக்கில் எடுக்க ‘உலகக் காந்த மாதிரி’ என்ற கணக்கீட்டை அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் சேர்ந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறார்கள். 2015க்கென்று வெளியிட்டது 2020 வரை தாங்கியிருக்க வேண்டும். ஆர்க்டிக் பகுதியில் பிழை எல்லை மீறியதால் 2019 பிப்ரவரியிலேயே இடையில் ஒரு திருத்தம் போட வேண்டியதாயிற்று. அதுவும் ஜனவரியில் வந்திருக்க வேண்டியது, அமெரிக்க அரசு அலுவலகங்கள் அப்போது மூடிக்கிடந்ததால் தாமதம். பூமியின் கருவம் அரசு விடுமுறைக்காகக் காத்திருப்பதில்லை. கீழே ஓடுபாதைகளின் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. அமெரிக்காவின் டாம்பா நகரில் 2011 ஜனவரியில் முக்கிய ஓடுபாதையை மூடிவிட்டு 18, 36 என்ற எண்களை அழித்து 19, 1 என்று எழுதினார்கள். ஜெனீவாவில் 2018 செப்டம்பரில் 05, 23 என்பவை 04, 22 ஆயின.

ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸில் காந்த அட்டவணை ஒற்றைக் கோப்பாக இருக்கிறது: மேக்டெக் டாட் பிஜிஎல். அதற்கு வயதானது தெரியுமா தெரியாதா என்பது நீங்கள் எங்கே பறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தென்னிந்தியாவில் காந்த ஒதுக்கம், அதாவது திசைகாட்டியின் விலகல், ஓரிரு பாகைக்குள்தான், மாற்றமும் சொற்பம். சென்னை, மதுரை, திருச்சி என்று சுற்றுகிறவர் வாழ்நாள் முழுக்கக் கவனிக்காமலே இருக்கலாம். அலாஸ்காவில் பறப்பவருக்கு முதல் நாளே பல பாகை வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒரு பாகை விலகினால் 60 கடல் மைலில் ஒரு மைல் தள்ளிப்போவோம் என்பது விமானிகளின் மனக்கணக்கு. நாலைந்து பாகை என்றால் பள்ளத்தாக்குக்குப் பக்கத்து மலை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, இதைப் புரிந்துகொள்ளாமல் பலர் குழம்புகிறார்கள். அரிங்க் 424இல் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு எப்படிப் போவது என்பதை 23 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ‘இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு நேராகப் போ’ என்கிற வகைக்குத் திசைகாட்டியே வேண்டாம். அட்ச தீர்க்கம் போதும். ‘இந்தத் திசையில் 1,500 அடி ஏறும் வரை போ’, ‘இந்தக் கோணத்தில் வந்து அந்தப் புள்ளியைத் தொடு’ என்பவை காந்தத் திசையில் எழுதப்பட்டவை. காந்த அட்டவணை பழையதாக இருந்தால் முதல் வகைத் துண்டுகள் நேராகவும் இரண்டாம் வகைத் துண்டுகள் கோணலாகவும் வரும். ஒரே புறப்பாட்டில் பாதி சரி, பாதி கோணல். திரையில் வழிக்கோடு ஓரிடத்தில் மட்டும் வினோதமாகக் கொக்கி போட்டு நின்றால், சந்தேகிக்க வேண்டிய முதல் ஆள் காந்த அட்டவணை.

சோதிப்பது சுலபம். தெரிந்த ஓடுபாதையின் நடுக்கோட்டில் விமானத்தை நேராக நிறுத்துங்கள். திசைமானி காட்டும் எண்ணை அந்த விமான நிலையத்தின் நடப்பு வரைபடத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இந்திய நிலையங்களுக்கு விமான நிலைய ஆணையமே தன் வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒத்துப்போனால் அட்டவணை சரி. இல்லையென்றால் கோப்பை மாற்ற வேண்டும். பழையதை அழிக்காதீர்கள், பெயர் மாற்றி ஓரமாக வையுங்கள்.

அட்டவணையை மாற்றிய உற்சாகத்தில் விஓஆர் நிலையங்களையும் புதுக் காந்தத்துக்குத் திருப்பிவிடுகிறவர்கள் உண்டு. அங்கேதான் சறுக்கல். விஓஆர் நிலையம் எல்லாத் திசைகளிலும் ஆரக்கோடுகளை ஒலிபரப்புகிறது. அதன் பூஜ்யக் கோடு, நிலையத்தை அமைத்தபோதோ கடைசியாகத் திருப்பி வைத்தபோதோ காந்த வடக்கு எங்கே இருந்ததோ அங்கே நிற்கும். துருவம் நகர்ந்தாலும் நிலையம் நகராது. பல பத்தாண்டுகளாகத் திருப்பாத நிலையங்கள் இருக்கின்றன. எனவே அதன் கோணம் அந்த ஊரின் இன்றைய காந்த ஒதுக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரின் வானொலிக் கோப்பில் விஓஆருக்கான வரி 3 என்ற எண்ணில் தொடங்கி, அட்சம், தீர்க்கம், உயரம், அதிர்வெண், எட்டும் தூரம் என்று போகும். அதையடுத்து அந்த நிலையத்துக்கே உரிய கோணம் தனி இடத்தில் இருக்கும். அதை அதிகாரபூர்வ வெளியீட்டில் உள்ளபடியே விட வேண்டும். அதைக் கைவைத்து ‘சரிசெய்தால்’ அந்த நிலையத்திலிருந்து கிளம்பும் ஆரக்கோடுகள் எல்லாம் ஒருசேரத் திரும்பிக்கொள்ளும்.

எனக்குத் தெரிந்தவரை சரியான வரிசை இது: முதலில் தரை, பிறகு ரேடியோ, பிறகு காந்தம், கடைசியில்தான் எஃப்எம்சி. பெரும்பாலோர் நேர்தலைகீழாகச் செய்கிறார்கள், எஃப்எம்சியை மாற்றுவது எல்லாவற்றிலும் சுலபம் என்பதால். தரை என்றால் புது விமான நிலையத்தின் காட்சிக் கோப்பைச் சேர்ப்பது, பழையதை முன்னுரிமை வரிசையில் கீழே தள்ளுவது. ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸில் ஓடுபாதையை எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதி, மைக்ரோசாஃப்டே தந்த தொகுப்பியில் போட்டு பிஜிஎல் ஆக்கலாம்; ஐஎல்எஸ் அந்த ஓடுபாதைக்குள்ளேயே ஓர் உறுப்பு. எனவே பாதையைத் திருத்தும்போது அதன் ஐஎல்எஸ்ஸையும் கையோடு திருத்திவிடுவது நல்லது. எக்ஸ்-பிளேனில் வேலை குறைவு: புதுக் கோப்புகளை ‘கஸ்டம் டேட்டா’ என்ற ஃபோல்டரில் போட்டால் அது தன் சொந்தக் கோப்புகளை விட்டுவிட்டு இவற்றைப் படிக்கும். கோப்பின் தலைப்பு வரியிலேயே சுற்று எண் எழுதியிருப்பதால் எது பழையது என்று தேட வேண்டியதும் இல்லை. 2020இல் வந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் ஏராக் சுற்றுதோறும் தானே தகவலைப் புதுப்பித்துக்கொள்கிறது. அப்படியும் தொல்லை முற்றும் தீரவில்லை: பழைய எண்ணை வரைந்து யாரோ செய்த ஜெனீவா காட்சிக் கோப்பு மேலே ஏறி உட்கார்ந்தால், எஃப்எம்சி 04 என்னும், தரை 05 என்னும்.

பழைய காகித வரைபடங்களிலிருந்து அட்ச தீர்க்கத்தை எடுத்துக் கையால் தட்டுகிறவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. பூமியின் வடிவத்தை எப்படி எடுத்துக்கொண்டு அளந்தோம் என்பதைப் பொறுத்து ஒரே இடத்துக்கு வெவ்வேறு எண் வரும். விமான வரைபடங்கள் உலகம் முழுக்க டபிள்யூஜிஎஸ் 84 என்ற ஒரே அளவுமுறைக்கு மாற வேண்டும் என்று விதித்த நாள் 1998 ஜனவரி 1. அதற்கு முன் இந்திய அளவீடுகள் ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் வகுத்த கோளவடிவத்தின்மேல் நின்றன. இந்தியாவை அளந்த மாபெரும் பணிக்கு வில்லியம் லாம்டன் 1802இல் அடிக்கோடு போட்டதோ, இன்றைய சென்னை விமான நிலையத்தை ஒட்டி நிற்கும் பரங்கிமலையிலிருந்து. பழைய முறையில் எழுதிய எண்ணை மாற்றாமல் சிமுலேட்டரில் ஏற்றினால் இடம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். பெரிய விமான நிலையத்தின் ஓடுபாதை அகலம் பெரும்பாலும் 45 மீட்டர் என்பதை வைத்து நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ‘இன்று’க்குக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. வாட்சிம் போன்ற இணைய வலையில் நிஜ மனிதர்கள் கட்டுப்பாட்டு அதிகாரியாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் பறப்பவருக்கு நடப்புச் சுற்று அவசியம். அதிகாரி சொல்லும் ஃபிக்ஸ் உங்கள் கணினியில் இல்லையென்றால் இருவருக்கும் எரிச்சல். தனியாகப் பறப்பவர் தேதியைத் தானே தேர்ந்துகொள்ளலாம். அமெரிக்காவில் விஓஆர் நிலையங்களை ஒவ்வொன்றாக அணைத்துவருகிறார்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பது திட்டம். ஊசியைப் பார்த்து நிலையம் நிலையமாகத் தாவிப் பறப்பதில் ருசி கண்டவருக்கு நடப்புச் சுற்று ஒரு நஷ்டம். அவர் 2006இலேயே நிற்பதில் நியாயம் இருக்கிறது, எஃப்எம்சியையும் காந்த அட்டவணையையும் வரைபடத்தையும் அதே 2006இல் நிறுத்திவைத்தால்.

காய் டாக் ரசிகர்கள் இன்னும் பின்னால் போகிறார்கள். குன்றின்மேல் சிவப்பு வெள்ளைக் கட்டம் அடித்த பலகையைப் பார்த்து, தாழப் பறந்து, வலப்புறம் 47 பாகை திரும்பி 13ஆம் ஓடுபாதையில் இறங்குவதற்காகவே சிமுலேட்டர் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விஹெச்ஹெச்ஹெச் என்ற குறியைத் தீவிலிருந்து பிடுங்கி நகரத்துக்குத் திருப்பித் தர வேண்டும். காந்த அட்டவணையையும் பின்னோக்கி நகர்த்த வேண்டும். உலகக் காந்த மாதிரி அதற்கு உதவாது, அது முன்னோக்கி ஐந்து ஆண்டுக்குத்தான். சர்வதேசப் புவிக்காந்தக் குறிப்புப்புலம் என்ற இன்னொரு கணக்கீடு 1900 வரை பின்னால் போகும். தேதியை எப்படித் தேர்வது என்றால், முன்னே போட்ட கணக்குதான்: காய் டாக் மூடிய 1998இன் சுற்றுகள் ஜனவரி 1இல் தொடங்கின. 28 நாளாக ஆறு முறை கூட்டினால் ஜூன் 18, வியாழக்கிழமை. அடுத்தது ஜூலை 16. அதற்குள் காய் டாக் மூடியாகிவிட்டது. எனவே 1998 ஜூன் 18. தரை, ரேடியோ, காந்தம், எஃப்எம்சி, மேசைமேல் விரித்த வரைபடம் எல்லாம் அந்தத் தேதிக்கு.